ஒடுக்கு விழுந்த சொம்பும் முப்பரிமாணமும்

வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ப்ளெண்டர் என்ற இலவச மென்பொருளை வைத்து வீட்டிலேயே கணினியில் பொருள்களுக்கு முப்பரிமாண உருவம் கொடுக்கும் மாடலிங்கைக் கற்றுக்கொள்வதைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பலருக்கும் பொதுவான சில கேள்விகளை எடுத்துக்கொள்கிறேன்.

மகன் பத்தாவது எழுதியிருக்கிறான். மாடலிங் படிக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். ஒரு பயிற்சி மையத்தில் ஆறு மாதத்துக்கு 60 ஆயிரம் ரூபாய் கேட்கிறார்கள். நீங்கள் இலவசம் என்கிறீர்கள். சும்மா கிடைப்பது எப்படித் தரமாக இருக்கும்?
அரசு ஊழியர், விருதுநகர்

ஐயா, மூன்று மாதம் பொறுங்கள். அதற்குள் பையன் தானாக உட்கார்ந்து நான்கு பொருளையாவது முழுசாகச் செய்து முடிக்கட்டும். அப்புறம் பணம் கட்டுவதைப் பற்றிப் பேசலாம். மாடலிங் பிடித்திருக்கிறதா, கணினி முன்னால் உட்காருவது மட்டும் பிடித்திருக்கிறதா என்பது அந்த மூன்று மாதத்தில் உங்களுக்கே தெரிந்துவிடும்.

சும்மா கிடைப்பது என்கிறீர்களே, அதன் கதையைக் கேளுங்கள். நெதர்லாந்தில் டான் ரோசண்டால் என்பவர் தன்னுடைய அனிமேஷன் நிறுவனத்தின் சொந்த உபயோகத்துக்காக 1994இல் எழுத ஆரம்பித்த நிரல் இது. பிறகு இதை நம்பியே ஒரு கம்பெனி தொடங்கினார். 2002இல் முதலீட்டாளர்கள் கைவிட்டார்கள், கம்பெனி மூடப்பட்டது, நிரலின் உரிமையும் அவர்களிடமே சிக்கிக்கொண்டது. ஒரு லட்சம் யூரோ கொடுத்தால் விட்டுவிடுகிறோம் என்றார்கள். அவர் பயனர்களிடம் கையேந்தினார். ஏழே வாரத்தில் பணம் சேர்ந்துவிட்டது. அதே வருடம் அக்டோபர் 13ஆம் தேதி ப்ளெண்டரின் மூல நிரல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. ஆகவே இது யாரோ தூக்கிப் போட்டது கிடையாது. பயன்படுத்தியவர்களே காசு போட்டு மீட்டது. அந்தக் காசில் என்னுடையது ஒரு பைசாகூட இல்லை, அப்போது எங்கள் வீட்டில் கணினியே கிடையாது. ஆனால் 2013இலிருந்து எங்கள் வீட்டு உலை இதனால்தான் கொதிக்கிறது. அந்த நன்றி எனக்கு எப்போதும் உண்டு.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். இதில் உங்கள் மகன் செய்யும் பொம்மையோ படமோ அவனுக்கே சொந்தம். விற்கலாம், யாருக்கும் பங்கு கொடுக்க வேண்டாம். உரிம நிபந்தனை எல்லாம் மென்பொருளை அப்படியேயோ நிரலை மாற்றியோ மற்றவர்களுக்குக் கொடுப்பவர்களுக்குத்தான்.

இப்போதைக்கு நடுவில் சக்கரம் வைத்த மவுஸ் ஒன்று வாங்கிக் கொடுங்கள். லேப்டாப்பில் விரலால் தேய்த்து மாடலிங் செய்தால் ஒரு வாரத்தில் பையனுக்கு வெறுத்துவிடும்.

யூடியூபில் டோனட் செய்யும் பாடத்தை முழுக்கப் பார்த்துச் செய்து முடித்தேன். நன்றாக வந்தது. ஆனால் வீடியோவை மூடிவிட்டால் எதுவும் தெரியவில்லை. ப்ளெண்டரைத் திறந்ததும் வெறும் திரையில் வரும் அந்தக் கனசதுரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன்.
கல்லூரி மாணவர், பாளையங்கோட்டை

தம்பி, வந்த கடிதங்களில் பாதி இதே கேள்விதான். வீடியோ பார்த்துச் செய்யும்போது எங்கே வளைய வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்ற முடிவையெல்லாம் வேறொருவர் எடுத்துவிடுகிறார். உங்கள் கை மட்டும்தான் வேலை செய்கிறது. மாடலிங் என்பது அந்த முடிவுகள்தான்.

எழுந்து சமையலறைக்குப் போய் ஒரு பித்தளைச் சொம்பை எடுத்து வாருங்கள். எவர்சில்வராக இருந்தாலும் சரி. கணினியை இன்னும் திறக்காதீர்கள்.

முதலில் அளந்து பாருங்கள். தையல்காரர் டேப்பை வயிற்றைச் சுற்றிப் பிடியுங்கள். எங்கள் வீட்டுச் சொம்புக்கு 37 செ.மீ. வந்தது. 3.14ஆல் வகுத்தால் விட்டம் சுமார் 118 மி.மீ. கழுத்தைச் சுற்றி 20 செ.மீ., அதாவது ஏறக்குறைய 64 மி.மீ. வாய், அடிப்பாகம், உயரம் மூன்றையும் ஸ்கேலால் எடுத்துக்கொள்ளுங்கள். இப்போது வயிறு எந்த உயரத்தில் அதிகம் அகலமாக இருக்கிறது என்று பாருங்கள். பாதி உயரத்தில் இருக்கும் என்றுதான் யாரும் நினைப்போம். எங்கள் சொம்பில் அது பாதிக்கு நன்றாகக் கீழே இருக்கிறது. அதை நடுவில் வைத்து வரைந்தால் பூச்சாடி மாதிரி ஆகிவிடும். வாயின் விளிம்பைத் தடவிப் பாருங்கள். தகடு அங்கே வெளிப்பக்கம் மடிந்து உருண்டிருக்கிறது, இல்லையா? அந்த உருட்டு எத்தனை மி.மீ. என்றும் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஒரு போட்டோ. பக்கத்தில் நின்று எடுத்தால் வாய் பெரிதாகவும் அடி சிறிதாகவும் தெரியும். பத்தடி தள்ளி நின்று, ஜூம் செய்து, சொம்பின் நடுவயிற்று மட்டத்துக்கு போனை இறக்கி எடுங்கள். இனி ப்ளெண்டரைத் திறக்கலாம். நம்பர் பேடில் 1ஐ அழுத்தினால் முன்பக்கப் பார்வை வரும். போட்டோவை ரெஃபரன்ஸ் படமாக உள்ளே கொண்டுவந்து, சொம்பின் நடுக்கோடு சரியாக மையத்தில் விழும்படி நகர்த்துங்கள்.

முழுச் சொம்பையும் வரைய வேண்டியதில்லை, வலது பாதியின் ஓரக்கோடு மட்டும் போதும். அடியின் நடுப்புள்ளியில் ஒரு வெர்டெக்ஸை, அதாவது புள்ளியை வைத்து, கீபோர்டில் E-யை அழுத்தி அழுத்தி ஓரம் வழியே மேலே ஏறுங்கள். பதினான்கு புள்ளி போதும். புதிதாக வருகிறவர்கள் நாற்பது, ஐம்பது வைக்கிறார்கள், வளைவெல்லாம் கரடுமுரடாகிவிடுகிறது. புள்ளி குறைந்தால் வளைவு வழுவழுப்பாக வரும். பிறகு ஸ்க்ரூ மாடிஃபையர், 360 டிகிரி, 32 படி. அந்த ஒற்றைக் கோடு குயவர் சக்கரத்தில் வைத்த மண் மாதிரி சுற்றிக்கொண்டு சொம்பாக நிற்கும். பதினொரு வருடமாகச் சொல்லிக்கொடுக்கிறேன், அந்த நொடியில் மாணவர் முகத்தைத் திரும்பிப் பார்க்காமல் இருக்க இன்னும் என்னால் முடியவில்லை.

தகட்டின் கனத்துக்கு சாலிடிஃபை, வழுவழுப்புக்கு சப்டிவிஷன். இங்கே ஒரு சிக்கல் வரும், வரட்டும். சப்டிவிஷன் போட்டதும் வாயின் உருட்டும் அடியின் விளிம்பும் வெயிலில் வைத்த மெழுகு மாதிரி இளகிவிடும். எந்த விளிம்பு கூர்மையாக இருக்க வேண்டுமோ அதற்கு ஒட்டினாற்போல் இரண்டு பக்கமும் ஒவ்வொரு புள்ளி சேர்த்தால் இறுகி நிற்கும். இந்த ஒரு விஷயம் கைக்கு வந்துவிட்டால் கார் கதவு வரைக்கும் போகலாம்.

கடைசியாக ஒன்று. எங்கள் சொம்பு என் அம்மாவின் சீர்வரிசையில் வந்தது. கிணற்றடிக் கல்லில் விழுந்து வயிற்றில் ஓர் ஒடுக்கு. ஸ்க்ரூவை அப்ளை செய்து நிலையாக்கிவிட்டு, கீபோர்டில் O-வை அழுத்தி ப்ரொபோர்ஷனல் எடிட்டிங்கைப் போட்டு, ஒரு புள்ளியை மட்டும் மெதுவாக உள்ளே தள்ளினேன். சுற்றியிருந்த இடமும் கூடவே குழிந்தது. அதுவரை எந்தக் கடையிலும் இருக்கும் சொம்பு, அதற்கப்புறம் எங்கள் வீட்டுச் சொம்பு. உங்கள் சொம்பிலும் ஒடுக்கு இருந்தால் விட்டுவிடாதீர்கள்.

பழைய லேப்டாப், 4 ஜிபி ராம், கிராபிக்ஸ் கார்டு இல்லை. மூன்று நாள் செய்த வீடு, கரண்ட் போனதும் போய்விட்டது. அழுதே விட்டேன். புது லேப்டாப் வாங்க வழியில்லை. விட்டுவிடட்டுமா?
இல்லத்தரசி, அறந்தாங்கி

விடாதீர்கள் அம்மா. முதலில் அந்த வீட்டைத் தேடுவோம். ப்ளெண்டரில் ஃபைல் மெனுவில் ரெகவர் என்று இருக்கும், அதற்குள் ஆட்டோ சேவ். நீங்கள் சேமிக்காவிட்டாலும் இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை அது தானாக ஒரு நகல் எடுத்து வைக்கும். அங்கே கிடைக்கவில்லை என்றால், நீங்கள் முன்பு சேமித்த கோப்பு இருக்கும் இடத்திலேயே அதே பெயரில், கடைசியில் 1 என்ற எண்ணோடு இன்னொரு கோப்பு இருக்கிறதா பாருங்கள். அது அதற்கு முந்தைய சேமிப்பு. பெயரின் கடைசியிலிருக்கும் 1ஐ எடுத்துவிட்டுத் திறந்தால் திறக்கும். எனக்கும் ஒரு மண்டபத்தின் தூண்வரிசை இப்படித்தான் போய், இப்படித்தான் திரும்பி வந்தது. அன்றிலிருந்து மண்டபம்01, மண்டபம்02 என்று எண் போட்டுத்தான் சேமிக்கிறேன்.

இப்போதைய பதிப்புகளுக்குக் குறைந்தது 8 ஜிபி வேண்டும் என்று ப்ளெண்டரே சொல்கிறது. லேப்டாப்பில் ராம் மாற்ற இடம் இருந்தால் அதை மட்டும் ஏற்றினால் போதும், புதுசு வேண்டாம். அதுவரை பழைய பதிப்பு ஒன்றை இறக்கிக்கொள்ளுங்கள், பழையவை எல்லாமே அவர்கள் தளத்தில் இருக்கின்றன. ஒரே மாதிரி ஜன்னல் எட்டு இருந்தால் ஷிஃப்ட் டி போட்டு நகலெடுக்காமல் ஆல்ட் டி போடுங்கள். எட்டும் ஒரே மெஷ்ஷை, அதாவது புள்ளிகளும் கோடுகளும் சேர்ந்த ஒரே வலையைப் பகிர்ந்துகொள்ளும், நினைவகம் மிச்சம். ஒன்றைத் திருத்தினால் எட்டும் திருந்தும் என்பது கூடுதல் லாபம். முடிவான படத்தை உருவாக்கும் ரெண்டர் வேலையை ராத்திரி படுக்கப் போகும்போது போட்டுவிடுங்கள்.

நம்பர் பேட் இல்லாத லேப்டாப் என்றால் ப்ரிஃபரன்ஸஸில் இன்புட் பகுதியில் எமுலேட் நம்பேட் என்பதை டிக் செய்யுங்கள். மேல் வரிசை எண்களே வேலை செய்யும்.

ப்ளெண்டர் தெரிந்தால் வேலை கிடைக்குமா?
மாணவி, சேலம்

பெரிய ஸ்டூடியோக்கள் பலவற்றில் இன்னும் மாயா என்ற வேறொரு மென்பொருள்தான். அங்கே போவதென்றால் அதையும் படிக்க வேண்டியிருக்கும். ஆனால் ஒன்று தெரிந்தவருக்கு மற்றது சில வாரம்தான். லாட்வியாவின் கின்ட்ஸ் ஜில்பலோடிஸ் இயக்கிய ‘ஃப்ளோ’ என்ற படம் ப்ளெண்டரிலேயே உருவாகி, 2025இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கரை வாங்கியது. வெள்ளத்தில் மாட்டிக்கொள்ளும் ஒரு பூனையின் கதை, ஒரு வார்த்தை வசனம் கிடையாது. பார்த்துவிட்டு அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. வேலை கேட்டுப் போகும்போது சான்றிதழைவிட, நீங்கள் செய்த மூன்று மாடலின் வயர்ஃப்ரேமை, அதாவது வெறும் கோட்டுக் கூட்டைக் காட்டுங்கள். தெரிந்தவர் அதைப் பார்த்த பத்தாவது விநாடியில் உங்களைப் பற்றி முடிவு செய்துவிடுவார்.

எங்கள் கடையில் பெயர்ப் பலகை செய்கிறோம். ப்ளெண்டரில் தமிழில் டைப் செய்தால் கொம்பும் காலும் இடம் மாறி எழுத்து சிதறுகிறது. எந்த ஃபாண்ட் போட வேண்டும்?
பெயர்ப் பலகைக் கடைக்காரர், தஞ்சாவூர்

கோளாறு ஃபாண்டில் இல்லை. தமிழில் ‘கொ’ என்று எழுதும்போது கொம்பு முன்னால் போக வேண்டும், கால் பின்னால் வர வேண்டும். எழுத்தை இப்படிக் கோத்துக் கொடுக்கும் வேலையை, நான் இதுவரை பயன்படுத்திய பதிப்புகளில் ப்ளெண்டரின் டெக்ஸ்ட் கருவி செய்யவில்லை. ஆங்கிலம் மாதிரி ஒவ்வொன்றாக வரிசையில் வைத்துவிடுகிறது. என் தாய்மொழியை அப்படி உடைந்து பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு வலிக்கிறது.

வழி இருக்கிறது. இங்க்ஸ்கேப் என்று இன்னொரு இலவச மென்பொருள். அதில் தமிழ் சரியாக வரும். பெயரை அங்கே டைப் செய்து, பாத் மெனுவில் ஆப்ஜெக்ட் டு பாத் கொடுங்கள், எழுத்து கோடாக மாறிவிடும். எஸ்.வி.ஜி.யாகச் சேமித்து ப்ளெண்டரில் இம்போர்ட் செய்யுங்கள். ஒன்றுமே வரவில்லையே என்று தோன்றும். வந்திருக்கும், கடுகளவு சின்னதாக மையத்தில் கிடக்கும். தேர்ந்தெடுத்துப் பெரிதாக்கி, கர்வ் பண்புகளில் எக்ஸ்ட்ரூட் கொடுத்தால் எழுத்துக்குக் கனம் வந்துவிடும். ஓரத்தை மழுக்கும் பெவலைக் கொஞ்சம் கொடுத்தால் வெளிச்சம் அங்கே பிடிக்கும். ‘ழ’வின் வால், ‘ண’வின் சுழிகள் மாதிரி நெருக்கமான இடங்களில் பெவல் ஒன்றோடொன்று முட்டும். அங்கே மட்டும் அளவைக் குறைத்துப் பாருங்கள்.

சின்ன ஃபவுண்டரி வைத்திருக்கிறோம். பம்பு மூடிக்கு மணலில் அச்சு எடுக்கும் பேட்டர்னை ப்ளெண்டரில் வரைந்து 3டி பிரிண்ட் செய்யலாம் என்று என் மகள் சொல்கிறாள். சரிப்படுமா?
ஃபவுண்டரிக்காரர், கணபதி, கோவை

உங்கள் ஊர்ப் பெயரைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். என் அப்பா கணபதியில்தான் இருபத்தாறு வருடம் மரப் பேட்டர்ன் ஆசாரியாக இருந்தார்.

மகள் சொல்வது சரி, ஆனால் ப்ளெண்டர் வேண்டாம். ப்ளெண்டரில் வட்டம் என்பது உண்மையில் வட்டம் கிடையாது, சாதாரணமாக 32 பக்கம் கொண்ட உருவம். 50 மி.மீ. ஓட்டை ஒன்றை அப்படி வரைந்தால் ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் 0.12 மி.மீ. உள்ளே வந்துவிடும். பொம்மைக்கு இது ஒன்றுமில்லை. பேரிங் உட்காரும் இடத்தில் இது பெரிய விஷயம். பக்கங்களைக் கூட்டிச் சமாளிக்கலாம்தான், ஆனால் நாளைக்கு 50ஐ 52 ஆக்கு என்று பார்ட்டி கேட்டால் முதலிலிருந்து இழுக்க வேண்டும்.

இதற்கு ஃப்ரீகேட் என்ற மென்பொருள் இருக்கிறது, அதுவும் இலவசம்தான். அதில் ஸ்கெட்ச் போட்டு, ஒவ்வொரு கோட்டுக்கும் அளவையும் உறவையும் கட்டிவிடுவீர்கள். எல்லாம் கட்டுப்பட்டதும் ஸ்கெட்ச் பச்சையாக மாறும். அப்புறம் பேட் போட்டால் கனம், பாக்கெட் போட்டால் குழி. 50ஐ 52 என்று மாற்றினால் மொத்தமும் தானாக மாறும். முன்பு இதில் ஒரு தொல்லை இருந்தது, ஆரம்பத்து ஸ்கெட்ச்சைத் திருத்தினால் அதன் மேல் கட்டிய பகுதிகள் இடம் தெரியாமல் உடைந்துபோகும். 2024 நவம்பரில் வந்த 1.0 பதிப்பில் அதைப் பெருமளவு சரிசெய்துவிட்டார்கள். பழைய அனுபவத்தை வைத்து யாராவது வேண்டாம் என்றால், 1.0 வந்தபிறகு பார்த்தாரா என்று கேளுங்கள்.

மென்பொருள் சொல்லித்தராத இரண்டு விஷயம் உங்களுக்கே தெரியும், மகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். ஒன்று, சுருக்கம். என் அப்பாவின் பெட்டியில் ஓர் அடி ஸ்கேல் இருந்தது. சாதாரண ஸ்கேலோடு சேர்த்துப் பிடித்தால் அரைக்கால் அங்குலம் நீளமாக இருக்கும். சின்ன வயதில் அது தப்பான ஸ்கேல் என்று நினைத்து மாற்றி வைத்து அடி வாங்கியிருக்கிறேன். வார்ப்பிரும்பு ஆறும்போது சுமார் ஒரு சதவீதம் சுருங்கும் என்பதால், அந்தக் கணக்கு ஸ்கேலிலேயே பொறிக்கப்பட்டிருந்தது. இப்போது அந்த ஸ்கேலின் வேலையை 1.01 என்ற ஓர் எண் செய்கிறது. அளவை எல்லாம் நிஜ அளவாகவே வரைந்துவிட்டு, கடைசியில் மொத்தத்தையும் 1.01 மடங்கு ஆக்கச் சொல்லுங்கள். பிறகு கடைந்து எடுக்கும் மெஷினிங்குக்கு விடும் கனத்தை அதற்கு முன்பே சேர்த்திருக்க வேண்டும். இரண்டாவது, சரிவு. செங்குத்துப் பக்கங்களுக்கு ஒன்றிரண்டு டிகிரி சரிவு கொடுக்காவிட்டால் பேட்டர்னை உருவும்போது மணல் உடைந்து கூடவே வரும். ஃப்ரீகேடின் பார்ட் டிசைன் பகுதியில் ட்ராஃப்ட் என்ற கருவியே இதற்கு உண்டு.

பழைய வீடியோவில் வலது கிளிக்கால் தேர்ந்தெடுக்கிறார்கள். என்னிடம் மெனு வருகிறதே?
வாசகர், புதுச்சேரி

2019 ஜூலையில் வந்த ப்ளெண்டர் 2.80 பதிப்பில் இடது கிளிக்குக்கு மாற்றிவிட்டார்கள், திரையின் அமைப்பும் மாறியது. அதற்கு முந்தைய வீடியோக்களை விட்டுவிடுங்கள்.

பள்ளியில் 3டி பிரிண்டர் வந்திருக்கிறது. பிள்ளைகளுக்காகப் பல்லாங்குழிப் பலகை வரைந்தேன். பிரிண்டர் மென்பொருளில் திறந்தால் ஒரு புள்ளியாகத் தெரிகிறது. குழிகளும் வட்டமாக இல்லாமல் நீண்டிருக்கின்றன.
ஆசிரியை, நாகர்கோவில்

டீச்சர், புள்ளியாகத் தெரிவதற்குக் காரணம் அலகு. ப்ளெண்டரில் ஒன்று என்றால் ஒரு மீட்டர். பிரிண்டருக்கு அனுப்பும் எஸ்.டி.எல். கோப்பில் எண் மட்டும்தான் போகும், அலகு போகாது. பிரிண்டர் மென்பொருள் அந்த எண்ணை மி.மீ. என்று எடுத்துக்கொள்ளும். எக்ஸ்போர்ட் செய்யும் இடத்தில் ஸ்கேலை 1000 என்று வைத்தால் சரியாகிவிடும்.

குழி நீண்டதற்குக் காரணம், கனசதுரத்தை, முழுப் பொருளையும் கையாளும் ஆப்ஜெக்ட் மோடில் இழுத்துப் பலகையாக்கியிருப்பீர்கள். கண்ணுக்குப் பலகை, ப்ளெண்டரின் கணக்கில் அது இன்னும் இழுபட்ட கனசதுரம். உருவத்தைத் திருத்தும் எடிட் மோடில் அதன்மேல் செய்யும் பல வேலைகளுக்கும் அதே இழுப்பு வந்துவிடும். பலகையைத் தேர்ந்தெடுத்து கண்ட்ரோல் ஏ, ஸ்கேல். இதைச் செய்துவிட்டு குழிகளைப் புதிதாக வையுங்கள். ஓர் உருண்டை, நகல்களை வரிசையாக வைக்கும் அர்ரே மாடிஃபையரில் ஏழு, இன்னொரு அர்ரேயில் இரண்டு வரிசை, அதைப் பலகையிலிருந்து பூலியன் போட்டுக் கழியுங்கள்.

குழி 4 செ.மீ. என்றால் வரிசை 30 செ.மீ.யைத் தாண்டும். உங்கள் பிரிண்டரின் தட்டை அளந்து பாருங்கள், பெரும்பாலும் அடங்காது. நான்கு குழி ஒரு துண்டு, மூன்று குழி ஒரு துண்டு என்று பிரித்துச் செய்து இரண்டு முளை வைத்துப் பொருத்திவிடலாம். உருண்டையைப் பாதிவரை இறக்காதீர்கள், மூன்றில் ஒரு பங்கு போதும். ஆழம் அதிகமானால் சின்னப் பிள்ளைகளால் ஒரே வாரில் சோழியை அள்ள முடியாது, இரண்டு அடியில் தங்கிவிடும், அப்புறம் ஆட்டத்தில் சண்டை வரும்.